நாலரை மணிச் சாப்பாடு

அப்பாவின் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. வெளியே சூரியன் போய்விட்டது. அப்பா எழுந்து கை கழுவப் போனார்.

மஹிமா தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குப் பசி தீரவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிட மாட்டார்கள். சமணர் வீடுகளில் அப்படித்தான். இருட்டில் சாப்பிட்டால் எறும்பு, பூச்சி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடும். அதுவும் ஓர் உயிர்தானே.

முன்பெல்லாம் இது ஒரு தொல்லையாக இருந்ததே இல்லை. அப்பா ஜினகுமாருக்கு ஆரணிக் கடைத்தெருவில் தறிச் சாமான் கடை. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கடையை வேலையாள் துரையிடம் விட்டுவிட்டு வருவார். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து, ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பிப் போவார்.

போன வருடம் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. வேலூர் டாக்டர் சொன்னதை அம்மா மஹிமாவுக்குப் புரியும்படி சொன்னாள். மூளை சொல்வதைக் கையும் காலும் சட்டென்று கேட்காது. நடுங்கும், விறைத்துக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூட்டை தூக்கியது போல அலுப்பாக இருக்கும். யாருக்கும் தொற்றாது. முழுசாகக் குணமாகவும் ஆகாது. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் கை கால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஆறு மணிக்கு அப்பாவின் கை யார் பேச்சையும் கேட்காது. ஒரு கவளம் தட்டிலிருந்து கிளம்பும். பாதி வழியில் கை ஓய்ந்து, திரும்பத் தட்டுக்கே வந்துவிடும். அதற்குள் வெளிச்சம் போய்விடும்.

அப்பாவின் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இப்படியே மெலிந்தால் கடைக்குப் போவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

பெரணமல்லூரிலிருந்து ரத்னம் அத்தை உதவிக்கு வந்தாள். அப்பாவின் அக்கா. நல்ல மனசு, பெரிய குரல். தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் ஏறி நின்று, சூரியன் எங்கே இருக்கிறது என்று பஸ் நிலையத்தில் அறிவிப்பது போல அறிவிப்பாள்.

"தென்னமரத்துக்குக் கீழ எறங்கிட்டுது. ஜல்தி சாப்டு தம்பி."

அறிவிப்பு வர வர, அப்பாவின் கை இன்னும் அதிகமாக நடுங்கும்.

ஒரு நாள் மஹிமா யாருக்கும் தெரியாமல் சுவர்க் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்பி வைத்தாள். அத்தை கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சூரியனைத்தான் பார்த்தாள். மறுநாள் காலை பள்ளிக்கு அரை மணி தாமதமாகப் போய் வகுப்புக்கு வெளியே நின்றது மஹிமாதான்.

வெள்ளிக்கிழமை அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. திங்கட்கிழமையிலிருந்து தானே ஊட்டிவிடப் போவதாகச் சொன்னாள். சின்ன வயதில் இவனுக்கு ஊட்டி வளர்த்தவளே நான்தான், இதில் என்ன வெட்கம் என்றாள்.

"என் வாய்க்கு என் கை போதும்க்கா" என்றார் அப்பா.

"உன் கை எங்க வருது? அது வழியிலயே நின்னுகினு இருக்குது."

"நிக்கட்டும். மெதுவா வரும். ஊட்டறேன்னு வந்தீன்னா, சாயங்காலச் சோறே வேணாம்னு விட்டுடுவேன்."

அப்பா சொன்னால் செய்துவிடுவார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மஹிமாவுக்கு அன்று தூக்கமே வரவில்லை. அத்தை ஊட்டினால் அப்பா சாப்பிட மாட்டார். ஊட்டாவிட்டால் சாப்பிட முடியாது. எப்படிப் பார்த்தாலும் பட்டினி.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. மஹிமா மத்தியானமே கடைக்குப் போய்விட்டாள். நாலு மணி இருக்கும். முள்ளிப்பட்டு நெசவாளர் அருணகிரி தறிக்கு அச்சும் கயிறும் வாங்க வந்தார். சீப்பைப் போலப் பல் பல்லாக இருக்கும் நீளமான அச்சு அது. அப்பா எழுந்து, உயரத்தில் இருந்த அச்சைத் தானே இறக்கினார். கயிற்றை அளந்து வெட்டினார். இரண்டையும் சேர்த்துக் கட்டி முடிச்சும் போட்டார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் முடிச்சு இறுக்கமாக விழுந்தது.

நேற்று ஒரு கவளம் சோற்றைத் தூக்க முடியாத கை இதுதானா?

அருணகிரி போனதும் மஹிமா அதைக் கேட்டாள். அப்பா சிரித்தார். இரண்டு மணிக்கு மாத்திரை போடுவதாகவும், மூன்று மணிக்கு மேல் தெம்பு வருவதாகவும், ஐந்தரைக்குள் அது வடிந்துவிடுவதாகவும் சொன்னார்.

"மாத்திரை வேலை செய்யற வரைக்கும் இது என் கை. அப்புறம் வேற யார் கையோ."

மஹிமா கயிற்று நுனியை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள்.

"அப்பா, பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும். அவ்ளோதானே? சாயற நேரத்துலதான் சாப்பிடணும்னு யாராவது சொன்னாங்களா?"

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. கடை வேலைக்குத் தோதாக இருந்ததால் ஆறு மணிக்குச் சாப்பிட்டு வந்தார்கள். நாளடைவில் அதுவே சட்டம் போல ஆகிவிட்டது.

ஆனால் நாலரை மணிக்கு வீட்டுக்கு நடந்தால், வந்த தெம்பு நடையிலேயே தீர்ந்துவிடும் என்றார் அப்பா.

"அப்ப இங்கயே சாப்பிடுங்க."

அப்பா கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். இத்தனை நாளும் வேலை இல்லாத நேரத்தில் அவர் தன் வலது கையை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தார். அது மஹிமாவுக்கும் தெரியும்.

"சோறு சிந்துமேம்மா. எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்பா. சாப்பிடறது தப்பா?"

அப்பா மேஜைக்கு அடியில் இருந்த கையை எடுத்து மேலே வைத்தார். அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

"தப்பில்ல" என்றார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மஹிமா வீட்டுக்கு ஓடினாள். அம்மா டிபன் கேரியரைத் தயாராக வைத்திருந்தாள். சோறு, மோர்க்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். நாலரை மணிக்குச் சாயங்காலச் சோறு தின்கிற குடும்பத்தை ஊரே பார்த்துச் சிரிக்கும் என்று அத்தை சொன்னாள். சொல்லிக்கொண்டே பின்னாலும் வந்தாள்.

அப்பா கடையின் உள்ளே போய் மறைவாக உட்காரவில்லை. வாசல் ஓரமாகப் பாய் விரித்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். மஹிமா தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டாள்.

தறியில் குறுக்கு நூலை ஓட்டும் நாடா வாங்க வந்த காசியம்மாள் அப்பாவின் கையையே பார்த்தாள். "உடம்புக்கு இன்னாங்க? கை இப்படி ஆடுதே."

"பார்க்கின்சன்னு ஒரு வியாதிம்மா. அது பாட்டுக்கு ஆடட்டும். நான் பாட்டுக்குச் சாப்பிடறேன். துரை, அம்மாவுக்கு நாடா எடுத்துக் காட்டு."

காசியம்மாள் தலையாட்டிவிட்டு நாடாவைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள்.

கவளம் கிளம்பியது. ஆடியது. வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்ததும் சேர்ந்தது. பாயில் சில பருக்கைகள் விழுந்தன. விழுந்தால் என்ன, பெருக்கிக்கொள்ளலாம்.

பாதியில் அப்பாவுக்குக் கை ஓய்ந்தது. முழங்கையைக் கயிற்றுச் சுருள் மேல் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இளைப்பாறினார். மஹிமாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தெருவில் போன சைக்கிள்களை வேடிக்கை பார்த்தாள். வாசலில் வெயில் தாராளமாகக் கிடந்தது. அவசரமே இல்லை.

அத்தையால்தான் தாங்க முடியவில்லை. குனிந்து, கேரியரில் மிச்சம் இருந்த சோற்றை உருட்டி, அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

அப்பா முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "பசிக்குதுன்னா சொல்லுக்கா. உனக்குத் தனியா ஒரு தட்டு போடச் சொல்றேன்."

காசியம்மாள் சிரித்துவிட்டாள். துரை நாடாப் பெட்டிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். அத்தை உருண்டையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

"மோர்க்குழம்பு நல்லாத்தான் இருக்குது" என்று முணுமுணுத்தாள்.

அப்பா மறுபடியும் ஆரம்பித்தார். கடைசிக் கவளம் வரை அவர் கைதான். தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தார்.

"இன்னும் சோறு இருக்குதா?"

மஹிமா கேரியரைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு பருக்கைகூட விழவில்லை.

"எல்லாம் இந்த அக்காவால வந்தது" என்றார் அப்பா. "நாளைக்கு இன்னும் ஒரு அடுக்கு சேர்த்துக் கொண்டாம்மா."