மெர்ல் அத்தை பேசிய பிறகு

“வீட்டுக்காரங்க ‘வாங்க’ன்னு சொல்றதுக்கு முன்னாடியே உள்ளே வந்து உட்கார்ந்துக்கிறவங்களை என்னன்னு சொல்றது?”

பத்து வயது கெய்லா கேட்டாள். பேனரின் மறுபக்கக் கழியைப் பிடித்திருந்த அவள் வகுப்புத் தோழன் ஆங்கஸ் யோசித்தான்.

“எங்க சித்தப்பான்னு சொல்லலாம்.”

கெய்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நிகழ்ச்சி நிரலை அவனிடம் நீட்டினாள். முதலில் மேயர் உரை. அடுத்து வங்கி மேலாளர் உரை. மூன்றாவதாகத்தான் மெர்ல் அத்தையின் வரவேற்பு!

அந்த ஊர், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான விராஜுரி மக்களின் மண். அவர்களில் மூத்தவர் வரவேற்ற பிறகுதான் மற்றவர்கள் பேச வேண்டும். அதுவும் இன்று நடப்பது, பூர்வகுடிகளுக்கு இழைத்த அநியாயங்களை ஒப்புக்கொண்டு ஊரே சேர்ந்து நடக்கும் நல்லிணக்க நடை.

மெர்ல் அத்தை ஊருக்கே அத்தை. கங்காரு தோல் போர்வையோடு யூகலிப்டஸ் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கெய்லா கழியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் ஓடினாள்.

“நீங்க போய்ச் சொல்லுங்க அத்தை!”

“நேத்தே சொன்னேன்டி. ‘அச்சடிச்சாச்சு’ங்கிறாங்க. என் மண்ணுலயே நான் கெஞ்சணுமா? மேயர் பேச ஆரம்பிச்சா நான் வீட்டுக்குப் போறேன்.”

“அன்பான மக்களே…” என்று மைக்கில் மேயரின் குரல் கரகரத்தது. அத்தை எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

கெய்லா முன்வரிசைக்குத் திரும்பினாள். கழியை எடுக்காமல் நடுத்தெருவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஆங்கஸும் உட்கார்ந்தான்.

மேடையிலிருந்து மேயர் குனிந்து பார்த்தார். “என்னம்மா, கால் வலியா?”

“இல்லை ஐயா. உங்களை இன்னும் யாரும் ‘வாங்க’ன்னு சொல்லலையே. சொல்ல வேண்டியவங்க அதோ வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க.”

“எல்லாரும் உட்காருங்க!” என்று ஆங்கஸ் கத்தினான். மரத்திலிருந்த வெள்ளைக் கிளிகள் அலறிப் பறந்தன. பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ரொட்டிக்கடை அம்மா உட்கார்ந்தார். போலீஸ்காரர்கூட, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தார்.

மேயரின் முகம் சிவந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார்.

“தப்பு என்னோடது அத்தை. முதல்ல நீங்க பேசுங்க.”

“அச்சடிச்சாச்சுன்னீங்களே?”

மேயர் நிகழ்ச்சி நிரலை இரண்டாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அத்தை பையைக் கீழே வைத்தார்.

அவர் வரவேற்ற பிறகுதான் ஊர் நடந்தது.

ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் ப்ரென்டிஸ் சார் ஆங்கஸை எழுப்பி நிறுத்தினார்.

“மேயர் எதிர்லயே கத்தி, பள்ளிக்கூடத்து மானத்தை வாங்கிட்டே. நாளைக்குக் காலையில மணி அடிக்கிறதுக்குள்ள மைதானத்துக் குப்பை முழுக்க நீதான் பொறுக்கணும்.”

கெய்லா துள்ளி எழுந்தாள். “சார், நான்தான் முதல்ல உட்கார்ந்தேன்! அவனுக்கு மட்டும் எதுக்கு தண்டனை?”

“நீ கத்தலையே. உட்காரு.”

“விடு கெய்லா,” என்றான் ஆங்கஸ் மெதுவாக. “என் தொண்டை பண்ணின தப்புக்கு என் முதுகு குனியுது.”

மறுநாள் விடியற்காலை, புல்லெல்லாம் உறைபனி. பள்ளிக்கூடத்தில் ஓர் ஆள்கூட இல்லை. சிப்ஸ் பைகள், ஆப்பிள் துண்டுகள், யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள் கெய்லா. விரல்கள் மரத்துப்போயின. முடித்ததும், யாரும் பார்க்கும் முன் வெளியே நழுவினாள்.

சற்று நேரம் கழித்து ஆங்கஸ் கொட்டாவி விட்டபடி வந்தான். கையில் பெரிய பை. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு காகிதத் துண்டுகூட இல்லை.

பிள்ளைகளோடு பிள்ளையாக வாசலில் நுழைந்த கெய்லாவிடம் ஓடினான். “அதிசயத்தைப் பார்த்தியா? ராத்திரி செம காத்து போல!”

“இருக்கும்,” என்றாள் கெய்லா, கைகளைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டு.