இறுக்கிப் பிடி, பிறகு விடு

வெள்ளையம்மாவை ஏற்றிவந்த மாட்டு வண்டி, வழியில் இருந்த அத்தனை பள்ளங்களையும் நலம் விசாரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. சிகாமட் டவுனிலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டம் அது. லயத்து வீட்டிலிருந்து தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அரை மைல்தான். அந்த அரை மைலுக்குள் அவளுடைய வலது தோள் நூறு தடவை செத்துப் பிழைத்தது.

பதினைந்து வருஷம் காண்டாக் கம்பு சுமந்த தோள். கம்பின் இரண்டு முனையிலும் ரப்பர் பால் நிறைந்த வாளிகள் தொங்கும். ஒரு சொட்டுச் சிந்தாமல் மேடு பள்ளம் ஏறி இறங்கிக் கொண்டுபோய் ஸ்டோரில் ஊற்ற வேண்டும். முதலில் தோளில்தான் வலித்தது. பிறகு முதுகுக்கு இறங்கியது. இந்த ஒரு வருஷமாக இன்ன இடம் என்று கணக்கில்லை. படுத்தால் வலி, எழுந்தால் வலி, எதற்கும் அசையாமல் உட்கார்ந்தால் அதற்கும் வலி. போதாததற்கு, விடிந்தால் என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நெஞ்சு அடித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் அது. ரப்பர் விலை படுத்துவிட்டது. துரை ஆள் குறைத்துக்கொண்டிருந்தார். வேலைக்கு ஆகாதவர்களுக்கெல்லாம் ஊருக்குத் திரும்பக் கப்பல்தான்.

"சனிக்கெழமைக்குள்ள டிரெசர் ஐயா கையெழுத்துப் போட்டாருன்னா வேல. இல்லாட்டி ஆத்தாளும் மவளும் ஊருக்குப் போயிக்கிட்டே இருங்க" என்று கங்காணி வண்டியைத் தட்டி அனுப்பிவிட்டான்.

ஊர் என்று இவனுக்குச் சொல்ல வாய் வந்துவிட்டது. எந்த ஊர்? அப்பனையும் ஆத்தாளையும் காலரா கொண்டுபோன பிறகு அங்கே இவளைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. புருஷன் லெட்சுமணன் இந்தத் தோட்டத்து மண்ணுக்குள் படுத்திருக்கிறான். மிச்சம் இருப்பது ஆறு வயது மகள் ராஜம்மா. அந்தப் பிஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பி நடப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் மொத்தம் பத்துக் கட்டில். தகரக் கூரை. ஜன்னல் வரைக்கும் ரப்பர் மரங்கள் நெருங்கி நின்றதால், நல்ல மத்தியானத்திலேயே உள்ளே அந்தி மயங்கியது போல இருக்கும். கார்பாலிக் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் எப்போதும் அடிக்கும். ஜன்னலோரமாக இருந்த ஏழாம் கட்டிலை அவளுக்குக் கொடுத்தார்கள். பலகைக் கட்டில், மேலே பாய், அதன் மேல் ஒரு வெள்ளை விரிப்பு.

டிரெசர் தம்பிராஜா யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், தோட்டத்துக்கு அவர்தான் டாக்டர் மாதிரி. இரண்டு நாள் தைலமும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுடைய கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"மருந்து குடுத்துக் குடுத்து எனக்கே அலுத்துப் போச்சுது பிள்ளை. உம்மட உடம்பு பயத்தில முறுக்கேறிக் கிடக்குது. அதை அவிழ்க்கப் பழக வேணும். வலது காலை இறுக்கிப் பிடியும். மூச்சை இழுத்துப் பிடியும். ம்... இப்ப விடும். கால் எண்டு ஒண்டு இல்லவே இல்லை எண்டு நினையும்."

"கால் இல்லன்னு நெனச்சா பயமா இருக்குதுங்க ஐயா."

"பயப்பிடாதையும். எங்கட ஊரில இதைச் சவாசனம் எண்டு சொல்லுவினம். சவம் மாதிரிக் கிடக்கிறது. சிங்கப்பூரில எனக்கு மேல இருந்த வெள்ளைக்கார டாக்குத்தரும் இதைத்தான் வேற பேரில சொல்லித் தந்தவர். தலையிடி வந்தால் நானும் இதைத்தான் செய்யிறனான்."

சவம் என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வருஷமாகத் தூங்காதவளுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன? கண்ணை மூடிப் படுத்தாள்.

டிரெசர் சொன்ன வரிசைதான் மனசில் நிற்கவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த ஒரு வழியை அவளே செய்துகொண்டாள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். எல்லோரும் வரிசையில் நிற்க, கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். அவரவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத பெயருக்கு லயத்துக்கு ஆள் போகும். சீக்கு என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவார்கள். வெள்ளையம்மா தன் உடம்பையே பெரட்டுக்கு நிறுத்தினாள். வலது கால் என்று மனசுக்குள் கூப்பிட்டாள். கால் இறுகி, இருக்கேன் என்றது. போ என்று விட்டாள். இடது கால். இடுப்பு. முதுகு. இடது கை. வலது கை. கடைசியாக அந்தப் பாழும் வலது தோள்.

தோள் விட்டது. உண்மையாகவே விட்டது. ஒரு வருஷமாக அவளை விட்டு நகராத வலி, வாசலைத் தாண்டிப் போனது. அவள் சத்தமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே நாலு மணி வரைக்கும் தூங்கினாள்.

புதன்கிழமை வலது கையைக் கூப்பிடுவதற்குள் அது தானாக இறுகிவிட்டது. பரவாயில்லையே, கை பழகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள்.

வியாழக்கிழமை நல்ல மழை. தகரத்தின் மேல் விழுந்த இரைச்சலில் வார்டு முழுவதும் வாயடைத்துக் கிடந்தது. கால்கள் போயின. இடுப்பு போயிற்று. முதுகும் கைகளும் போயின. வலது தோள், என்று கூப்பிட்டாள்.

"இருக்கேன்."

அவள் மனசு சொன்னதல்ல. காதோரத்தில், தலையணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

ஒரு பெண்ணின் குரல். காய்ச்சலில் தொண்டை வறண்ட குரல்.

புளித்துப்போன ரப்பர் பாலின் வாடை குப்பென்று அடித்தது.

கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு விரல்கூட அசையவில்லை. எல்லாவற்றையும் போ என்று அனுப்பியாயிற்றே. அவை திரும்பி வருவதற்கு வெகுநேரம் ஆனது.

சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்த ஐயாசாமியிடம் கேட்டாள். வார்டைக் கூட்டுவதும் நோயாளிகளைத் தூக்கி விடுவதும் அவன்தான்.

"அண்ணே, இந்தக் கட்டில்ல முன்ன யாரு படுத்திருந்தா?"

"அலமாக், ஒனக்கு யாரும் சொல்லலையா? நம்ம புஷ்பவள்ளிதான். போன ஆடியில. தூக்கியாரும்போதே நெனப்பு இல்ல. அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குப் போயிட்டா."

வெள்ளையம்மா கஞ்சியைத் தள்ளி வைத்தாள்.

புஷ்பவள்ளி அவளுக்கு அடுத்த நிரையில் பாலுக்கு மரம் வெட்டியவள். உறவென்று யாரும் இல்லாத ஒண்டிக்கட்டை. போன ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பெரட்டில் பெயர் விட்டுப்போனால் கப்பல் லிஸ்டில் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து, "எனக்காக நீ கொரல் குடு வெள்ளையம்மா" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். தோட்டத்தில் இதெல்லாம் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதுதான். இருட்டில் பின்வரிசையில் நின்று, குரலை மாற்றி, அவள் பெயருக்கு வெள்ளையம்மா "இருக்கேன்" என்றாள். மூன்று விடியற்காலை சொன்னாள். இரண்டு பேர் மரத்தையும் ஓடி ஓடி வெட்டினாள். இரண்டு பேர் பாலையும் ஒரே தோளில் சுமந்தாள். தோள் போனது அப்போதுதான். காய்ச்சல்தானே, இறங்கிவிடும் என்று ராத்திரியில் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

குரல் வந்துவிட்டதால் லயத்துக்கு யாரும் போய்ப் பார்க்கவில்லை. நாலாம் நாள் வெள்ளையம்மா கதவைத் தள்ளியபோது புஷ்பவள்ளியின் கண்கள் மேலே சொருகியிருந்தன. இதை அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பயிற்சி செய்யவில்லை. விட்டுப்போன வலி வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. சனிக்கிழமை காலையில் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. மூன்று மணிக்கு டிரெசர் ஐயா சோதிப்பார். காண்டாக் கம்பில் இரண்டு வாளித் தண்ணீரை மாட்டி, வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்ட வேண்டும். நாலு மணிக்கு, பக்கத்து வீட்டில் விட்டுவந்த ராஜம்மா அழைத்துப் போக வந்துவிடுவாள்.

இரண்டு மணி அடித்தது.

"வள்ளி," என்று வெள்ளையம்மா மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்கு நா செஞ்சது தப்புதான் புள்ள. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். எம்மவளுக்காக இன்னிக்கு ஒரு நாள் என்ன விட்டுரு."

அவள் கண்ணை மூடினாள். வலது கால்.

"இருக்கேன்."

அதே வறண்ட குரல். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலிலிருந்து வலி போய்விட்டது, ஒரு பொட்டு மிச்சமில்லாமல். எத்தனை சுகம் அது! அவள் அத்தனை களைத்திருந்தாள். இன்னொன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தாள்.

"இருக்கேன்." இடது கால்.

"இருக்கேன்." இடுப்பு.

"இருக்கேன்." முதுகு.

கைகளை அவள் கூப்பிடவில்லை. அவை தாமாகவே குரல் கொடுத்தன.

தோளும் கொடுத்தது.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க நினைத்தாள்.

வாய் திறந்தது. திறந்தது அவள் இல்லை.

"என்ன பிள்ளை, தோள் நோ எப்பிடி இருக்குது?" டிரெசர் தம்பிராஜா கட்டிலருகே நின்றார்.

"இருக்கேங்க ஐயா. நல்லா இருக்கேன்."

கட்டிலிலிருந்து ஓர் உடம்பு எழுந்தது. வெள்ளையம்மா கீழே கிடந்தபடி தன் முதுகையே பார்த்தாள். அவிழ்ந்த கொண்டையை அந்தக் கைகள் அள்ளி முடிந்தன. இவள் வலப்பக்கம் முடிவாள், அவை இடப்பக்கம் முடிந்தன. உடம்பு வராந்தாவுக்குப் போனது. கம்பைத் தோளில் வைத்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் போய்த் திரும்பியது.

"பாத்தீரே! நான் சொன்னனான்தானே!" என்று டிரெசர் குழந்தை மாதிரிச் சிரித்தார். அன்றைக்கு அவருக்குத் தலைவலிகூட இல்லை. மேஜையில் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

ஐயா, அது நான் இல்லை என்று வெள்ளையம்மா கத்தினாள். கத்துவதற்குத் தொண்டை இல்லை. வலது காலைக் கூப்பிட்டாள், வரவில்லை. இடது கையைக் கூப்பிட்டாள், வரவில்லை. எங்கேயும் வலி இல்லை, பயத்தில் அடித்துக்கொள்ள நெஞ்சும் இல்லை. புஷ்பவள்ளி அந்த மூன்று நாளும் இப்படித்தான் கிடந்திருப்பாள். அவள் பெயருக்கு ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது, அதனால் அவளைத் தேடி கங்காணி ஆள் அனுப்பவில்லை. இனி வெள்ளையம்மாவையும் யாரும் தேடப் போவதில்லை.

நாலு மணிக்கு ராஜம்மா வந்தாள். சட்டையை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டிருந்தாள். பாவம், அதைச் சரிசெய்ய வீட்டில் யார் இருந்தார்கள்?

படியில் இறங்கிய உருவம் கையை நீட்டியது. "வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்."

பிள்ளை நகரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தாள். கொண்டையைப் பார்த்தாள். பிறகு சட்டென்று திரும்பி ஓடிவந்து, ஏழாம் கட்டிலின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா ஏன் இன்னும் படுத்திருக்காங்க?"

பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த ஐயாசாமி சிரித்தான். "அந்தா நிக்கிறாங்க பாரு ஒங்கம்மா. இது காலிக் கட்டிலு, லா."

"இல்ல. இங்கதான் இருக்காங்க." அவள் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து அழுத்தினாள். "அம்மா! எந்திரிங்க! போலாம்!"

உருவம் வந்து பிள்ளையின் மணிக்கட்டைப் பற்றியது. இழுத்தது. ராஜம்மா மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

வெள்ளையம்மா தன்னிடம் மிச்சமிருந்த அத்தனையையும் ஒன்றாகத் திரட்டினாள். வலி வேண்டும் என்று கேட்டாள். அந்தப் பாழும் தோளில் இருந்த வலியெல்லாம் தனக்கே திரும்பி வரட்டும் என்று கேட்டாள். பிள்ளையின் கை இருந்த பக்கமாக நீட்டி, இறுக்கினாள்.

ஜன்னலில் பிள்ளையின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அழுகை மரங்களுக்கிடையே தூரமாகிக்கொண்டே போயிற்று.

அடுத்த நோயாளிக்குக் கட்டிலைத் தயார் செய்ய டிரெசர் வந்தார். ஏழாம் கட்டிலின் வெள்ளை விரிப்பு, ஜன்னல் பக்க ஓரத்தில், ஒரு கைப்பிடி அளவுக்குக் கசங்கிச் சுருண்டிருந்தது. நீவி விட்டார், நேராகவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கங்கள் இன்னும் ஆழமாக உள்ளே இறங்கின.

டிரெசர் விரிப்பிலிருந்து கையை எடுத்தார். அவரை அறியாமலே வாய், பழக்கத்தில், மெல்லச் சொல்லிற்று.

"விடும் பிள்ளை... இப்ப விடும்."

விரிப்பு விடவில்லை.