பெயர் வரும் இடம்

ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில், கோவை வடகோவைப் பகுதியில் ஓடு வேய்ந்த பழைய வீடொன்றின் முன் ஆட்டோ வந்து நின்றது. கல்லூரி விடுதியில் நோயுற்றுக் கிடந்த தன் தங்கை சண்முகப்பிரியாவை அன்புக்கரசி கைத்தாங்கலாக இறக்கினாள். காமாலை முற்றி, அப்பெண்ணின் கண்கள் கொன்றைப் பூவின் நிறம் கொண்டிருந்தன.

"இந்த ஊட்டுப் படி எப்பவும் இத்தனை உசரமாக்கா?"

"நீ ஆஸ்டல் சோறு தின்னு குட்டையாப் போயிட்டே அம்மணி. மெதுவா ஏறு."

காய்ச்சல் இறங்கினால் அஞ்ச வேண்டியதில்லை, ஏறினால் ஈரல் தாங்காது என்று மருத்துவர் கூறியிருந்தார். அன்புக்கரசிக்கு உலகில் எஞ்சியிருந்த உறவு தங்கை ஒருத்தியே. சண்முகப்பிரியாவைப் பெற்ற அன்றே தாய் கண்மூடினாள். தந்தையும் பின்னாளில் போய்ச் சேர்ந்தார். தாயின் முகத்தைத் தங்கை கண்டதே இல்லை.

அவளை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு, முன்னறையில் இருந்த கணிப்பொறியின் முன் அன்புக்கரசி அமர்ந்தாள். தட்டச்சு செய்து கொடுப்பதே அவள் பிழைப்பு. அந்தத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் அயல்நாட்டுக் கணிப்பொறிகளில் தமிழ் எழுத்துகள் தெரிவதில்லை. ஆகவே இணையத்தில் தமிழை இடுவோர் உரையைப் படமாக்கி இட்டனர். அதற்கென ஒரு சிறு கருவி இருந்தது. கறுப்புத் திரையில் கருவியின் பெயரையும், உரைக்கோப்பின் பெயரையும், படத்தின் அகலத்தையும் ஒரே வரியில் அடித்து எண்டரைத் தட்டினால், சொற்கள் அனைத்தும் படமாகி உறைந்துவிடும். அதன் பிறகு அதில் ஓர் எழுத்தையும் திருத்த இயலாது. உரையைத் திருத்தி மீண்டும் படமாக்கத்தான் வேண்டும்.

ஆராய்ச்சியாளர் ஒருவருக்காக அவள் அப்போது படமாக்கிக்கொண்டிருந்தவை ஒப்பாரிப் பாடல்கள். வெள்ளகோவிலைச் சேர்ந்த பழனியாத்தாள் என்னும் பாட்டுக்காரி அவற்றை ஒலிநாடாவில் பாடித் தந்திருந்தாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்று, வெட்டவெளியில் நின்றே பாடினாள். இறந்தவரின் பெயர் வர வேண்டிய இடத்தில் பாடாமல் மூச்சை மட்டும் இழுத்து விட்டாள். அவ்விடத்தில் அன்புக்கரசி புள்ளிகளை இட்டிருந்தாள்.

*அவரைப் பந்தல் போட்டுவெச்சு அதுக்குத் தண்ணி வார்த்தவளே,*
*அவரை பூக்கும் நாளையில அடுப்பணைஞ்சு போனவளே,*
*கூப்பிட்ட கொரலுக்குக் கொஞ்சம் நீ எந்திரிச்சு*
*. . . . . . . என்னைப் பெத்தவளே, வாராயோ.*

புள்ளிகளை வைத்துப் பார்த்தால் வரியின் நீளம் பிடிபடவில்லை. பின்னர் ஆராய்ச்சியாளர் பெயரிட்டுக் கேட்டால் வரி படத்தின் அகலத்திற்குள் அடங்குமா என்று அறிய ஒரு பெயர் வேண்டியிருந்தது. தாயின் பெயரை இட அவளுக்கு மனம் வரவில்லை. தாய்வழி, தந்தைவழி முன்னோரில் எவருக்கும் இல்லாத பெயரொன்றைத் தேடி, 'பூவாத்தாள்' என்று அடித்தாள்.

எண்டரைத் தட்டினாள். வரி அழகாக அடங்கியது. உடனே பெயரை அழித்து, பழையபடி புள்ளிகளை இட்டு, மீண்டும் படமாக்கினாள்.

படத்தில் பூவாத்தாள் என்றே இருந்தது.

உரைக்கோப்பைத் திறந்தாள். புள்ளிகள்தாம் இருந்தன. படத்தை அழித்தாள், கோப்பை வேறு பெயரில் சேமித்தாள், கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து அடித்தாள்.

பூவாத்தாள்.

அதற்குக் கீழே, அவள் அடிக்காத வரி ஒன்றும் இருந்தது. மோனை பிசகாத வரி.

*எந்திரிச்சு வந்துட்டேன், எளைய மக எங்கே?*

வெளியே மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. பட்டப்பகலிலேயே வீடு இருண்டது. எங்கிருந்தோ அரப்பு மணந்தது. தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அரப்புதான். ஆனால் அதனோடு ஊதுபத்திப் புகையும் வாடிய சாமந்தியும் கலந்து வந்தன. பிணத்தைக் குளிப்பாட்டும் முற்றத்தில் எழும் மணம் அது.

உள்ளறையில் சண்முகப்பிரியா யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

அன்புக்கரசி ஓடினாள். தங்கையின் உடல் அனலாகக் கொதித்தது. கண்கள் மட்டும் மலர்ந்து, கட்டிலின் தலைமாட்டையே நோக்கியிருந்தன.

"ஆருகிட்டப் பேசறே கண்ணு?"

"அம்மாக்கா. நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க. கை எத்தனை குளுகுளுன்னு இருக்குது தெரியுமா."

"அம்மா இல்லை அம்மணி. காய்ச்சல்ல அப்படித் தோணுது."

"பேரு பூவாத்தாளாம். அவுங்களுக்கு அழுகறதுக்கு ஒரு புள்ளைகூட இல்லையாமாக்கா. நீ பேரைச் சொல்லிக் கூப்பிட்டயாம். என்னையக் கூட்டிட்டுப் போறேங்கறாங்க." சற்று நிறுத்தி, மெல்லிய குரலில் சொன்னாள். "போகட்டுமாக்கா?"

கட்டிலின் தலைமாட்டில் தரை ஈரமாக இருந்தது. அதற்கு மேலே ஓட்டில் ஒழுக்கு ஏதுமில்லை.

அன்புக்கரசி விளக்கேற்றினாள். இளமை முதல் நாள் தவறாது ஓதிவந்த பதிகங்களில் ஒன்றின் முதலடிகூட அவள் நாவில் வரவில்லை. தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினாள். வெள்ளகோவிலில் தொலைபேசி வைத்திருந்த மளிகைக்கடைக்காரர் ஆள் அனுப்பிப் பழனியாத்தாளை அழைத்து வருவதற்குள் ஒரு யுகம் கழிந்தது போலிருந்தது.

நடந்ததைச் சொன்னாள்.

"பேரு வெச்சுப் பாடுனீங்களா அம்மணி?"

"பாடலீங்க. அடிச்சுப் படமாத்தானுங்க ஆக்கினேன்."

"வாயில கூப்பிட்டா என்னுங்க, பொட்டியில கூப்பிட்டா என்னுங்க. அழ நாதியில்லாமப் போனவ ஒருத்தி காது குடுத்துப்போட்டா. புள்ளையே இல்லாதவளுக்கு ரெண்டு புள்ளை கெடைச்சா உடுவாளா?"

"என்னங்க பண்றது? புள்ளை ஒடம்பு அனலாக் கொதிக்குதுங்க."

"ஆத்திரப்பட்டுத் திட்டிப்போடாதீங்க. மொறையா அனுப்போணும். ஒரு சொம்புத் தண்ணிய வாசப்படிக்கு வெளிய ஊத்தி, பொழுதாச்சு கெளம்புங்கன்னு சொல்லுங்க. 'வாங்க'ங்கற சொல்லு மட்டும் வரப்படாது. சாவு விழுந்த கேத ஊட்டுல ஆரும் போயிட்டு வாரேன்னு சொல்லறதில்லீல்ல, அப்புடி." கிழவியின் குரலில் கசந்த சிரிப்பொன்று இழையோடியது. "நாயைத் தொரத்துனாலும் போயிட்டு வா சாமின்னு சொல்ற சனம் நாம. வாயைக் கட்டிக்குங்க."

அப்போது மின்சாரம் நின்றது. கணிப்பொறியின் இரைச்சல் அடங்கியது. அதன் பிறகுதான் அந்த வீட்டில் மூவர் மூச்சு விடுவது அன்புக்கரசியின் செவியில் விழுந்தது.

சொம்பு நிறைய நீர் மொண்டு வாசலுக்கு வந்தாள். படிக்கு வெளியே ஊற்றினாள். நாவைப் பல்லால் கடித்து, ஒவ்வொரு சொல்லாக எண்ணிச் சொன்னாள்.

"உங்குளுக்காக அழுதாச்சுங்க. பொழுதாச்சு. கெளம்புங்க."

அசைவில்லை.

"அவ எம் புள்ளைங்க. எடுத்து வளர்த்தது நானுங்க. உட்டுட்டுக் கெளம்புங்க."

உள்ளறையில் நனைந்த சேலை தரையில் இழுபடும் ஓசை எழுந்தது.

அவ்வோசை நடுவறையைக் கடந்தது.

அன்புக்கரசியை உரசியவாறு குளிர் ஒன்று கடந்து சென்றது. அரப்பு மணம் மூச்சை அடைத்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். வாசற்படியின் மேல் ஈரக்கால் ஒன்று ஊன்றும் ஒலி கேட்டது. மற்றொரு காலும் எழுந்தது.

அந்நேரம் உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. எழுந்தமர்ந்த சண்முகப்பிரியாவின் குரல், விருந்தாளியை வழியனுப்பும் மரியாதையோடும், பதினெட்டு ஆண்டு ஏக்கத்தோடும் தெளிவாகக் கேட்டது.

"போயிட்டு வாங்கம்மா."

வாசற்படியில் ஊன்றிய கால் அசையாமல் நின்றது.

நெடுநேரம் நின்றது.

பின்பு இறங்கிச் சென்றது.

அன்புக்கரசி உள்ளே ஓடித் தங்கையின் நெற்றியில் கை வைத்தாள். வியர்த்துக் குளிர்ந்திருந்தது; காய்ச்சல் விட்டிருந்தது. அவள் மீண்டும் சாய்ந்து, உறக்கத்தில் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தலைமாட்டு ஈரமும் உலர்ந்திருந்தது. தங்கையை மார்போடு அணைத்து, ஓசையின்றி அழுதாள் அன்புக்கரசி.

மின்சாரம் வந்தது. முன்னறையில் கணிப்பொறி தானாக உயிர்பெற்று இரைந்தது.

அந்தப் பாடலின் கோப்புகளை எல்லாம் அழித்துவிடும் எண்ணத்துடன் அவள் எழுந்து சென்றாள். கறுப்புத் திரையில் கட்டளை ஒன்று ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது. கருவியின் பெயர் இருந்தது; அகலம் இருந்தது. உரைக்கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அவள் விசைப்பலகையைத் தொடவில்லை.

திரை வெளுத்தது. அகன்ற அந்த வெண்பரப்பின் நடுவே, ஒரே ஒரு சொல் படமாக எழுந்து நின்றது.

*வாரேன்.*

உள்ளறையில், உறக்கம் கலையாமலே, சண்முகப்பிரியா பதில் சொன்னாள்.

"சரிங்கம்மா."