குனியாத ட்ரைபாட்

"ஆ...!"

குமுதாவின் அலறலில் மலேசியாவின் காப்பார் சதுப்புக்காட்டுக் கொக்குகள் மொத்தமும் எழுந்து பறந்தன.

இரண்டு நாளாக ஒரு கொக்கைக்கூட உருப்படியாகப் படம் பிடிக்காதவள் அவள். இப்போது நூறு கொக்கு... கையில் கேமரா இல்லை!

எதிரே, பறவை பார்க்கும் பலகைக் குடிசைக்குள், அவளோடு படமெடுக்க வந்த சிவநேசன் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ட்ரைபாட். அதன் மேல் அவன் கேமரா மட்டும் நிமிர்ந்து நின்றது.

ஒரு மணி நேரத்தில் கிள்ளானிலிருந்து இன்ஸ்பெக்டர் ஜாபர் அலி வந்தார். கையுறை மாட்டி, கேமராவைத் தட்டிப் பார்த்தார். முகம் இறுகியது.

"கடைசிப் படம் 7.58. அது வரைக்கும் ஆளு உயிரோட இருந்திருக்கான். ஏழேகாலுக்கு மேல எல்லாரும் கேன்டீன்ல நாசி லெமாக் பசியாறிட்டு இருந்தாங்க. நீங்க மட்டும் இல்ல. ஏன்?"

"தூங்கிட்டேன் சார்."

"எட்டு அஞ்சுக்கு பொணத்த பாத்தது மட்டும் நீங்க!"

"எழுந்து நேரா இங்கதான் வந்தேன்..."

"பொய் சார்!" குறுக்கே விழுந்தார் ராதாகிருஷ்ணன். இந்தப் பறவைக் காப்பகத்துக்கும் அதை ஒட்டிய ஓவியக்கூடத்துக்கும் முதலாளி. ஆறடி இரண்டங்குலம். "'என் படத்த திருடி போட்டிக்கு அனுப்பிட்டியே, உன்ன கொல்லாம விடமாட்டேன்டா'ன்னு நேத்து சாப்பாட்டு மேசையில கத்துனா. இங்க படம் எடுக்க வந்த பிரிக்பீல்ட்ஸ் போட்டோ குரூப் மொத்தமும் சாட்சி லா!"

"சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். தினமும் பத்துப் பேர்கிட்ட சொல்றேன். பல் கிளினிக் கவுன்டர்ல வேலை."

யாரும் சிரிக்கவில்லை. கான்ஸ்டபிள் கையில் விலங்கு கிணுங்கியது.

குமுதா அந்த விலங்கையே பார்த்தாள். தூக்குக் கயிறா...? நாலடி பதினொரு அங்குலத்துக்கு அதற்கும் ஒரு ஸ்டூல் வேண்டுமே!

"கடைசியா என்ன எடுத்தான்னு பாருங்க. தொடக்கூடாது." இன்ஸ்பெக்டர் அவளுக்குக் கேமராவைக் காட்டினார்.

குதிகாலை உயர்த்தினாள். எட்டவில்லை. எம்பினாள். கேமரா தலைக்கு மேலேயே இருந்தது.

"ஸ்டூல் கொண்டாரவா, கட்டை?" ராதாகிருஷ்ணன் இளித்தார்.

குமுதா அப்படியே நின்றாள்.

"சார்... சிவநேசன் என்னைவிட ரெண்டு விரல்தான் உயரம். குரூப்ல எங்க ரெண்டு பேருக்கும் பேரே பேட்டரி ஜோடி. அவன் எப்படி சார் இதுல கண்ண வைப்பான்?"

இன்ஸ்பெக்டர் தானே கண்ணை வைக்க முயன்றார். அவரும் எம்ப வேண்டியிருந்தது.

"ராதாகிருஷ்ணன்... நீங்க வாங்க."

"நான் எதுக்கு? எனக்கு பிரஷ் மட்டுந்தான் தெரியும்..."

"வாங்க!"

வந்தார். குனியவில்லை. எம்பவில்லை. கண் நேராகப் போய்க் கேமராவில் உட்கார்ந்தது!

"யாரு ட்ரைபாட நிறுத்துனாலும் தன் கண்ணுக்குத்தான் நிறுத்துவாங்க. கைப்பழக்கம் சார்!" குமுதா கேமராவைக் காட்டினாள். "எல்லாப் படத்தையும் பாருங்க."

இன்ஸ்பெக்டர் நகர்த்தினார். 7.13-லிருந்து 7.58 வரை முப்பத்தொரு படங்கள். சரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. அத்தனையிலும் வெறுங்கிளை!

"டைமர்! தானா எடுத்திருக்கு. ஏழு பத்துக்கே அடிச்சுப் போட்டுட்டு, சண்டையில விழுந்த ட்ரைபாட நிமித்தி, டைமர ஓடவிட்டு, நாசி லெமாக் சாப்பிடப் போயிட்டாரு!"

"நான் ஏன்டி அவனைக் கொல்லணும்?"

குமுதா கைபேசியை எடுத்தாள். நேற்றைய கோபத்தில் சிவநேசனை ம்யூட் செய்து வைத்திருந்தாள். அடியில்... ஒரு செய்தி. 7.05.

"ஸாரி குமுதா. அது உன் படம்னு போட்டிக்காரங்களுக்கு எழுதிட்டேன். உடனே குடிசைக்கு வா. நாம படம் எடுக்கணும்னு ராதாகிருஷ்ணன் மீன்கொத்தி கால நைலான் நூல்ல கிளையோட கட்டி வெச்சிருக்காரு. அவுத்து விட்டுட்டேன். போலீஸ்ல சொல்லப்போறேன்."

படித்து முடிக்கும்போது குரல் உடைந்தது.

"லூசு... இத நேத்தே சொல்லியிருந்தா திட்டியிருக்க மாட்டேனேடா..."

விலங்கு ராதாகிருஷ்ணன் கைக்குப் போனது. போகிற போக்கில் அவளை முறைத்தார்.

"கட்டை...!"

குமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்துப் போங்கண்ணே. லாக்கப் வாசல எங்க ரெண்டு பேரு உயரத்துக்குத்தான் கட்டியிருப்பாங்க... தலை பத்திரம்!"