தனியாக வந்த விஷம்

"ஐயோ... சார்!"

புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் ஜாய்ஸ் போட்ட அலறலில் ஒத்தக்கடை உணவுப் பரிசோதனைக் கூடமே அதிர்ந்தது.

லேப் தலைவர் பெனடிக்ட் மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். மூச்சு இல்லை. பக்கத்தில் பாதி தின்ற மீன் குழம்புப் பார்சல்!

ஒரு மணி நேரத்தில் கோரிப்பாளையம் மீன் மெஸ்காரி தங்கப்பொண்ணை ஜீப்பில் அள்ளி வந்துவிட்டார் இன்ஸ்பெக்டர் பேயாண்டி.

"நான்தான் சார் பார்சல் வாங்கியாந்தேன்!" துணைத் தலைவர் அசோக்குமார் பாய்ந்தார். "பந்தா உப்புற விஷ மீன், பேத்தை மீனைக் கலந்துட்டா. அந்த விஷம் கொதிக்க வச்சாலும் போகாது. கொலைகாரி!"

"வாயக் கழுவுங்க! வச்சது வஞ்சிரம். நூறு பேரு தின்னாக. எவன் செத்தான்?"

"குழம்பை எடுத்து எலிக்கு ஊசி போடுங்க சார். எலி செத்தா இவ உள்ள!"

ஜாய்ஸ் கண்ணைத் துடைத்தாள். "எலி செத்தா விஷம் இருக்குன்னுதான் தெரியும். என்ன விஷம், எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லிட்டா சாகும்? நான் மெஷின்ல போடுறேன்."

"நேத்து வந்தவ நீ. பொத்திக்கிட்டு இரு!"

"யோவ், அந்தப் பிள்ளை செய்யட்டும்யா!" என்றார் பேயாண்டி.

கூண்டிலிருந்த எலி பெருமூச்சு விட்டது.

ஜாய்ஸ் குழம்பை அரைத்தாள். வடிகட்டினாள். ஒரு சொட்டு மெஷினுக்குள் போனது.

இருபது நிமிடம்... திரையில் ஒரு கோடு ஜிவ்வென்று எழுந்தது.

"பேத்தை விஷம்தான்!"

தங்கப்பொண்ணு தரையில் சரிந்தாள். "எம் புள்ளைகள இனி யாரு பாப்பா..."

அசோக்குமார் சிரித்தார். "விலங்க மாட்டுங்க சார்!"

"இருங்க. மீன்ல இருந்து வர்ற விஷம் தனியா வராது. பங்காளி, சகலைன்னு அதே சாயல்ல நாலஞ்சு கூடவே வரும். நாலஞ்சு கோடு எழும்பணும். இங்க ஒண்ணே ஒண்ணு! இது மீன் விஷமில்ல சார்... பாட்டில் விஷம்!"

"எந்தப் பாட்டில்மா?"

"ஒப்பிட்டுப் பாக்க நாங்க வாங்கி வச்சிருக்கிற சுத்தமான விஷம். பெனடிக்ட் சார் பையிலிருந்த சாவியால இப்பத்தான் பீரோவத் திறந்தேன். மூணு பாட்டில்ல ரெண்டு காலி!"

"பீரோவுக்கு வேற சாவி யாருகிட்ட?"

ஜாய்ஸ் அசோக்குமாரைப் பார்த்தாள்.

அவர் கை, பேன்ட் பாக்கெட்டை இறுக்கிப் பொத்தியது!

"நான் குடுத்த போலி ரிப்போர்ட்டையெல்லாம்... நாளைக்கு வெளியில சொல்லிருவேன்னாரு பெனடிக்ட் சார்..." உளறிக் கொட்டினார் அசோக்குமார்.

க்ளிக்! விலங்கு மாட்டியது.

தங்கப்பொண்ணு முந்தானையை உதறி எழுந்தாள்.

"பயப்படாமப் போங்க சார்! ஜெயில்ல மீன் குழம்பு போட மாட்டாக!"