எனோக் பார்த்த பதினொரு மணி

லண்டன் கப்பல்களெல்லாம் காற்றுக்காகக் காத்து நிற்கும் டீல் கரையில், சூரியக் கடிகாரம் பழுதுபார்க்கும் கெசையாவின் கடைக்குள் கப்பல் பாய் தைக்கும் எனோக் குனிந்து நுழைந்தான். மலை மாதிரி ஆள், கண்ணோ கலங்கியிருந்தது. கையிலிருந்த பித்தளை வளையச் சூரியக் கடிகாரத்தை மேசைமேல் வைத்தான்.

"அக்கா, இது கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நேற்று அவன் கப்பலின் துணை மாலுமி சைலஸுக்கு மகள் பிறந்தாள். ஒரு மணிவரை கப்பலில் காவலிருந்துவிட்டுக் கரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கேப்டன் சொல்லியிருந்தார். சைலஸ் தோணியில் தனியே போவதைப் பார்த்த எனோக், இந்தக் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தான், பதினொன்று காட்டியது. கேப்டன் கேட்டபோது பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டான். காவலை விட்டு ஓடியவன் என்று, இனி காற்று திரும்பியதும் சைலஸை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும்.

"ஒரு மணிக்குத்தான் போனேன்னு சத்தியம் பண்றான். நானோ கண்ணால பார்த்தேன்!"

கெசையாவின் கணவர் டோபியாஸ் கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கயிற்றில் தொங்கவிட்டு, துளை வழியே வரும் ஒளிப்புள்ளி மணி வளையத்தின் நடுக்கோட்டில் விழும்வரை திருப்பி, கடைக் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்தார். திரும்பி வந்தவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"துளிகூடப் பிசகலை, கெசையா."

"ஒரு வாட்டியாவது பொய் சொல்லத் தெரியுதா ஒங்களுக்கு?" என்று சிரித்தவள், எனோக்கிடம் திரும்பினாள். "ஒரு தடவைதான் பார்த்தியா, தம்பி?"

"ரெண்டு தடவை. செத்த நேரம் கழிச்சுப் பார்த்தா பத்தரை! தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன்."

"தூக்கமா?"

எனோக் தலையைச் சொறிந்தான். "காலையில ரம் கொஞ்சம் அதிகம். படுத்து, அப்பதான் எந்திரிச்சேன்."

டோபியாஸ் துள்ளினார். "அப்போ ரம்தான் மணி காட்டியிருக்கு!"

"இல்லீங்க. கடிகாரமும் சரி, இவன் கண்ணும் சரி." கெசையா வளையங்களை மெல்லத் திருப்பிக் காட்டினாள். "பதினொன்னுக்கும் ஒன்னுக்கும் சூரியன் ஒரே உயரத்துலதான் நிக்கும். இதை ஒரு பக்கம் திருப்பினா புள்ளி பதினொன்னுல விழும், மறுபக்கம் திருப்பினா ஒன்னுல. உச்சி தாண்டிச்சா இல்லையான்னு பிடிக்கிற ஆளுக்குத்தான் தெரியணும். நீ முழிச்சதும் காலைன்னே நெனைச்சுட்ட. நெசமாவே காலைன்னா, புள்ளி பன்னிரண்டைப் பார்த்து நகரணும். ஒனக்குப் பத்தரைக்குப் பின்வாங்கியிருக்கு. சூரியன் எறங்குது, தம்பி. நீ முதல்ல பார்த்தது ஒரு மணி, அடுத்தது ஒன்றரை."

எனோக்கின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "குடிச்சுட்டுத் தூங்கினதைக் கேப்டன்கிட்ட நானே சொல்லணுமே?"

"ஆமா."

எனோக் கடிகாரத்தை அள்ளிக்கொண்டு, நிலையில் தலை இடிபட ஓடினான்.

மறுநாள் காற்று திரும்பியது. சைலஸ் கப்பலில்தான் இருந்தான். எனோக்குக்கு ஒரு மாதம் ரம் கிடையாது என்பது கேப்டனின் தீர்ப்பு. முதல் நாளே சைலஸ் தன் கோப்பையில் பாதியை அவனுக்கு ஊற்றினான். கேப்டன் வேண்டுமென்றே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.