படலையடியில் சொன்ன சொல்

காலை பத்தரைக்கு வட்டுக்கோட்டையில் அந்த வீட்டு வாசல் படலையடியில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். ஆவணி வெயில். மூன்று மாதமாக ஒரு துளி மழை இல்லை.

நான் இந்தப் பகுதியின் குடும்பநல மருத்துவமாது. பிள்ளைத்தாய்ச்சிகளையும் பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை, இருபத்தாறு வருசமாகப் பார்க்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் கூட. ஆனாலும் மிஸ் சொன்னால் சரி என்பார்கள் சனங்கள். அதுதான் வினையாகப் போனது.

ஆறு வருசத்துக்கு முன் இதே வீட்டில் லவீனா என்று ஒருத்தி இருந்தாள். மனச்சோர்வுக்கு டொக்டர் கொடுத்த குளிசையை வயிற்றில் பிள்ளை இருந்த காலம் முழுக்கப் போட்டவள். பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள், படலையடியில் நின்றபடியே அவளுக்குச் சொன்னேன்.

“பால் குடுக்கிற நீ உந்தக் குளிசையை ஏன் போடுறாய்? நிப்பாட்டு. ரெண்டு கிழமை பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு, எல்லாம் சரிவரும்.”

டொக்டரைக் கேட்கவில்லை. அன்றைக்கு இன்னும் ஏழு வீடு பார்க்க இருந்தது, ஸ்கூட்டி எஞ்சினைக்கூட நான் நிற்பாட்டவில்லை. அவள் குளிசையை விட்டாள். இருபத்துமூன்றாம் நாள் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். பிள்ளை தொட்டிலில் நித்திரையாய்க் கிடந்தது.

நான் சொன்னதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இப்போது அதே குளிசையை நானும் போடுகிறேன்.

இன்று அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள் தாரிகா. அவளுக்கும் அதே வருத்தம், அதே மருந்து. பிறந்த பிறகும் தொடரச் சொல்லி டொக்டர் அவளுடைய அட்டையில் எழுதியிருந்தார். நான் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். குளிசை என்ற சொல்லை எடுக்கவே எனக்கு வாய் வருவதில்லை.

பிள்ளைக்கு அன்று இருபத்திரண்டாம் நாள். உள்ளே போனதும் பெற்றவளுக்கு அரைத்த சரக்குக்கறியின் மணம் வந்தது. அதனோடு பாசித் தண்ணீரின் மணமும் வந்தது. வாளி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன், தரை காய்ந்துதான் கிடந்தது.

தாரிகா கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் பிள்ளை வீறிட்டு அழுதான். அவள் திரும்பவில்லை. அதைப் பார்த்ததும் கேட்டேவிட்டேன்.

“குளிசை போடுறியே பிள்ளை?”

“இல்லை மிஸ். நிப்பாட்டியாச்சு.”

“ஆர் நிப்பாட்டினது?”

அவளுடைய தாய் பத்மாசினி அகப்பையோடு வாசலுக்கு வந்தாள். “நீங்கள்தானே மிஸ் சொன்னனீங்கள்.”

“நானோ? எப்ப?”

“ஒன்பதாம் நாள். படலையடியிலை நிண்டு. பால் குடுக்கிற நீ உந்தக் குளிசையை ஏன் போடுறாய் எண்டு கேட்டீங்கள். பத்தியத்தோடை இங்கிலிஸ் மருந்து கூடாது எண்டு எனக்கும் மனசிலை இருந்தது. எடுத்து ஒளிச்சுப்போட்டன்.”

ஒன்பதாம் நாள் நான் வகுப்பொன்றுக்காகக் கிளிநொச்சியில் இருந்தேன்.

“என்னை வடிவாய்ப் பாத்தனீங்களோ?”

“படலைக்கு மேலாலை தலை தெரிஞ்சது. குரல் உங்கடை குரல்.” அவள் யோசித்தாள். “தலையெல்லாம் நனைஞ்சிருந்தது மிஸ். மழையும் இல்லை.”

“ஒவ்வொரு நாளும் வாறா,” என்றாள் தாரிகா சுவரிடம். “இப்ப சன்னலடிக்கு வந்திட்டா. ரெண்டு கிழமை பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு எண்டுறா. நாளையோடை முடியுதாம்.”

“நீ என்ன செய்யிறாய்?”

“கிணத்தடிக்குப் போயிட்டுப் போயிட்டு வாறன். ஏனெண்டு தெரியாது. பயமும் இல்லை மிஸ். ஒண்டும் இல்லை.”

சன்னலைப் பார்த்தேன். வெளியே வெயிலும் வேப்பமரமும்தான் நின்றன.

சன்னல் கட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஒரு சொட்டு.

இன்னொரு சொட்டு.

பிறகு வெளியிலிருந்து என் குரலே கேட்டது, தாழ்வாக.

“நிப்பாட்டு.”

பத்மாசினியின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. நான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சன்னலடிக்குப் போனேன். ஆறு வருசத்தில் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது.

“லவீனா,” என்றேன். “நான் சொன்னது பிழை. டொக்டரைக் கேளாமல் சொன்னனான். நீ குளிசை போட்டது பிழை இல்லை, பிழை என்ரை. தாரிகாவை விட்டிடு.”

சொட்டு நின்றது.

சரக்குத்தூள் வைத்த தகரப் பேணிக்குள்ளிருந்து குளிசை அட்டையைப் பத்மாசினி எடுத்துத் தந்தாள். அரைமணியில் ஓட்டோ பிடித்துத் தாரிகாவையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் மருந்தை மறுபடி தொடக்கி இருவரையும் வாட்டில் வைத்திருந்தார். இருபத்துமூன்றாம் நாள் முழுக்க நான் அவளுடைய கட்டிலடியை விட்டு எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து இரண்டு கிழமையில் தாரிகா பிள்ளையைத் தானாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வெட்கத்தை விட்டு அவளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அந்த வீட்டையும் விட்டுப் போனார்கள். அதோடு முடிந்தது, வீட்டில்தான் பிழை என்று நினைத்தேன்.

போன செவ்வாய் பண்டத்தரிப்பில் ஒரு புது வீடு. நிஷானி, ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, அவளும் அந்தக் குளிசை போடுபவள். இனி வாயை மூடுவதில்லை என்று முடிவெடுத்திருந்ததால் உள்ளே போனதுமே தொடங்கினேன்.

“குளிசையை நீயாய் நிப்பாட்டாதை பிள்ளை.”

“ஓம் மிஸ். உங்களுக்குப் பின்னாலை ஸ்கூட்டியிலை வந்த அக்காவும் இப்ப படலையடியிலை ஒண்டு சொன்னவ.”

நான் தனியாகத்தான் வந்தேன்.

“என்ன சொன்னவ?”

நிஷானி சங்கடப்பட்டாள். “மிஸ் சொல்லுறதைக் கேளாதை, டொக்டரைக் கேள் எண்டு. கோவிக்காதேங்கோ. அவவை உள்ளை வரச் சொல்லுங்கோவன், தலை ஈரமாய் வெயிலுக்கை நிக்கிறா.”

“அவ சொல்லுறது சரி,” என்றேன்.

திரும்பிப் போகையில் ஸ்கூட்டியின் பின் இருக்கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று நனைந்திருந்தது. துடைக்காமல் ஏறி, அடுத்த வீட்டுக்குப் போனேன்.